சூப்பும் மிட்டாயும்: சீனக் குழந்தைக்கு மாண்டரின் எப்போது புரிகிறது?

நீங்கள் கேட்டது இது: ஒரே சொல்லை நாலு விதமாக இழுத்தால் நாலு பொருள் வரும் மாண்டரினை, அதாவது சீனாவின் பொது மொழியை, சீனக் குழந்தைகள் எந்த வயதில் புரிந்துகொள்கிறார்கள்? அந்த இழுப்பு அவர்களைக் குழப்பாதா? அடுத்த மாதம் மாண்டரின் வகுப்பில் சேரப்போகும் உங்கள் நாலு வயது மகளுக்கு அது பிடிபடுமா? குழந்தைகளின் மொழி வளர்ச்சியைப் படிப்பதும் கற்பிப்பதும்தான் என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பெரியவர்களான நமக்கு மாண்டரினில் மலைப்பாகத் தெரிவது தொனி. அந்த மொழிக்குள் பிறந்த குழந்தைக்கோ முதலில் கைவசமாவதே அதுதான். நாம் சுலபம் என்று நினைக்கிற வேறு சில விஷயங்களுக்குத்தான் அதற்கு ஐந்து வயது, எட்டு வயது என்று ஆகிறது.

தொனி என்றால் என்ன என்பதை இரண்டு சொற்களை வைத்துச் சொல்கிறேன். ‘தாங்’ என்பதை உயரத்தில் சமமாக நிறுத்திச் சொன்னால் சூப். கீழிருந்து மேலே ஏற்றிச் சொன்னால் சர்க்கரை, மிட்டாய். ‘மாய்’ என்பதைத் தாழ்த்திக் குழைத்துச் சொன்னால் வாங்குவது, மேலிருந்து வெட்டி இறக்கினால் விற்பது. சமம், ஏற்றம், குழிவு, இறக்கம் என்று நாலு தொனிகள், போதாததற்கு அழுத்தமில்லாமல் சொல்லும் ஒரு மெல்லிய தொனியும் உண்டு. நாம் ‘வா’ என்பதை எப்படி இழுத்தாலும் கோபமோ கொஞ்சலோதான் மாறும், சொல் மாறாது. ஆனால் ‘கல்’, ‘கால்’ என்று நீளத்தை மாற்றினால் நமக்குச் சொல்லே மாறிவிடுகிறது. அதில் எந்தத் தமிழ்க் குழந்தையும் திகைத்து நிற்பதில்லை. நமக்கு நெடில் குறில் எப்படியோ அப்படித்தான் அவர்களுக்குத் தொனி. அது சொல்லின் மேல் பூசிய சாயமல்ல, சொல்லின் உடம்பிலேயே ஒரு பாகம்.

பேசவே தெரியாத குழந்தைக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அம்மாவின் மடியில் குழந்தையை உட்காரவைத்து ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். ஒலி மாறும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் விளக்கு எரிந்து பொம்மை மேளம் அடிக்கும். கொஞ்ச நேரத்திலேயே குழந்தை விஷயத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒலி மாறியது காதில் விழுந்ததுமே பொம்மைப் பக்கம் தலையைத் திருப்பும். அது திரும்பினால் வித்தியாசம் கேட்டிருக்கிறது என்று பொருள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு இரண்டு படங்களைக் காட்டி ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, கண் எந்தப் படத்துக்குப் போகிறது, எவ்வளவு சீக்கிரம் போகிறது என்று பார்ப்பார்கள். கீழே நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி இப்படிக் கிடைத்ததுதான்.

2006இல் கரேன் மாட்டாக், டெனிஸ் பர்ன்ஹாம் இருவரும் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. சீன மொழி வீட்டுக் குழந்தைகளையும் ஆங்கில வீட்டுக் குழந்தைகளையும் எடுத்துக்கொண்டு, தாய்லாந்து மொழியின் தொனிகளை அவர்களுக்குக் கேட்கவைத்தார்கள். ஆறு மாதத்தில் இரு தரப்பும் வித்தியாசத்தைக் கண்டுகொண்டன. ஒன்பது மாதத்தில் ஆங்கில வீட்டுக் குழந்தைகளுக்கு அந்தக் கூர்மை குறைந்துவிட்டது, சீன வீட்டுக் குழந்தைகளுக்குக் குறையவில்லை. அதே ஏற்ற இறக்கத்தை வயலின் ஒலியாகப் போட்டபோதோ, ஆங்கில வீட்டுக் குழந்தைகளும் ஒன்பது மாதத்திலும் சரியாகக் கண்டுகொண்டார்கள். அப்படியென்றால் காது மங்கவில்லை. ‘பேச்சில் இந்த ஏற்ற இறக்கம் சொல்லை மாற்றாது’ என்று அந்தக் குழந்தைகள் முடிவு கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். சீன வீட்டுக் குழந்தையோ அதே வயதில் ‘மாற்றும்’ என்று தெரிந்துவைத்திருக்கிறது. ஒரு சொல்லைக்கூட வாய்விட்டுச் சொல்லாத வயது அது.

எல்லாத் தொனியும் ஒரே நாளில் தெளிவாகிவிடுவதில்லை. தைவானில் ஃபெங்-மிங் சாவ் ஏறக்குறைய ஒரு வயதுக் குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார். சமத் தொனியையும் குழிவுத் தொனியையும் அவர்கள் நன்றாகவே பிரித்தார்கள். ஏற்றத்தையும் குழிவையும் பிரிப்பதில் தடுமாறினார்கள். இந்த இரண்டாம், மூன்றாம் தொனிச் சிக்கல் பிறகு பல வருடங்கள் கூடவே வருவதால் அதற்குத் திரும்ப வருகிறேன்.

அம்மாக்களும் சும்மா இருப்பதில்லை. கைக்குழந்தையோடு பேசும்போது தைவான் அம்மாக்கள் தொனிகளைப் பெரிதாக்கிப் பேசுவதை 2007இல் அளந்து காட்டியிருக்கிறார்கள்: ஏற்றம் இன்னும் ஏறும், இறக்கம் இன்னும் இறங்கும், ஆனால் ஒரு தொனி இன்னொன்றாக மாறிவிடாது. கொஞ்சுமொழி என்று நாம் லேசாகச் சொல்லிவிடுவது உண்மையில் நல்ல பாடம். சொல்லை இரட்டித்துச் சொல்லும் பழக்கமும் அங்கே உண்டு. வண்டிக்கு ‘ச்செ-ச்செ’, சோற்றுக்கு ‘ஃபான்-ஃபான்’. நம் வீட்டில் ‘சோச்சி’, ‘பாப்பா’ மாதிரி.

ஒரு வயதை ஒட்டிச் சொற்கள் புரியத் தொடங்குகின்றன. சொல்லும் சொற்களைவிடப் புரியும் சொற்கள் பல மடங்கு அதிகம். இது எந்த மொழிக்கும் பொது. மாண்டரினுக்கே உரிய ஒரு விஷயம் வினைச்சொல். குழந்தைகள் முதலில் பொருள்களின் பெயர்களைத்தான் கற்கும், வினைச்சொல் பிறகுதான் வரும் என்று ஆங்கிலக் குழந்தைகளை வைத்துப் பல காலம் நம்பிவந்தார்கள். 1996இல் டுவிலா டார்டிஃப் பெய்ஜிங் குழந்தைகளின் பேச்சைப் பார்த்து, அது எங்கும் பொருந்தும் விதி இல்லை என்று காட்டினார். அங்கே இரண்டு வயதுக்குள்ளேயே ‘எடு’, ‘அடி’, ‘கட்டிப்பிடி’ போன்ற வினைச்சொற்கள் ஏராளம். காரணம் மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது. எழுவாயையும் செயப்படுபொருளையும் விட்டுவிட்டு வெறும் வினையை மட்டும் சொல்வது அந்த மொழியில் சகஜம். ‘சாப்பிட்டாச்சா?’ என்று நாம் கேட்பதுபோல அவர்களும் ‘ச்சி லெ மா?’ என்று முடித்துவிடுவார்கள். யார், எதை என்பதெல்லாம் சூழ்நிலையில் இருக்கும். தவிர, காலம், இடம், பால் என்று எதற்கும் வினைச்சொல்லின் உருவம் மாறுவதே இல்லை. குழந்தை ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. அதனால் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது.

இனி மூன்றாம் தொனி, அதாவது குழிவு. மாண்டரின் பேச்சில் குழந்தைக்கு உண்மையிலேயே கஷ்டம் தருவது எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். பாடநூலில் மூன்றாம் தொனி கீழே இறங்கி மறுபடி மேலே ஏறும். ஆனால் அந்த முழு வடிவம் பேச்சில் அபூர்வம். சொல் தனியாக நின்றாலோ வாக்கியத்தின் கடைசியில் வந்தாலோதான் கேட்கும். மற்ற தொனிகளுக்கு முன்னால் வந்தால் பாதியோடு நின்றுவிடும், அதாவது தாழ்ந்து அப்படியே இருக்கும். இன்னொரு மூன்றாம் தொனிக்கு முன்னால் வந்தால் இரண்டாம் தொனியாகவே மாறிவிடும். ‘ஷியாவ்’ என்றால் சின்ன. பூனைக்குட்டி ‘ஷியாவ்-மாவ்’, இதில் ‘ஷியாவ்’ தாழ்ந்து ஒலிக்கும். நாய்க்குட்டி ‘ஷியாவ்-கோவ்’, இதில் அதே ‘ஷியாவ்’ ஏறி ஒலிக்கும். எல்லாரும் சொல்லும் ‘நீ ஹாவ்’ வணக்கத்திலும் இதுதான் நடக்கிறது, அந்த ‘நீ’ உண்மையில் மூன்றாம் தொனிச் சொல். பூனையிடம் தாழ்கிற ஒலியும் நாயிடம் ஏறுகிற ஒலியும் ஒரே சொல்தான் என்று யாரும் சொல்லித்தராமல் இரண்டு வயதுக் குழந்தை தானாகவே கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது. நம் மொழியில் ‘மரம்’ என்பது ‘மரத்தை’ ஆகும்போது தமிழ்க் குழந்தை செய்வதற்குச் சமமான வேலை இது.

2005இல் புய்சான் வோங்கும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கணக்கு இதை நன்றாகக் காட்டுகிறது. அமெரிக்காவில் வளரும், வீட்டில் மாண்டரின் பேசும் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் ஒரு சொல்லைச் சொல்லிப் படத்தைத் தொடச் சொன்னார்கள். சமம், ஏற்றம், இறக்கம் ஆகிய மூன்றிலும் ஏறக்குறைய 90 சதவீதம் சரி. குழிவில் மட்டும் சுமார் 70 சதவீதம். மூன்று வயதில் தொனி வந்துவிட்டது என்று சொல்வதும் சரிதான், இன்னும் முடியவில்லை என்று சொல்வதும் சரிதான்.

புரிவது ஒன்று, சொல்வது வேறு. பெய்ஜிங்கில் ஒன்றரை வயது முதல் நாலரை வயது வரையிலான 129 பிள்ளைகளின் உச்சரிப்பை ஹுவா ஜூவும் பார்பரா டாடும் ஆராய்ந்து 2000இல் வெளியிட்டார்கள். முதலில் தொனி சரியாகிறது, சொல்லின் முதலில் வரும் மெய்யொலிகள் கடைசியாகத்தான் வருகின்றன என்பது அதன் முடிவு. நாக்கை மடித்துச் சொல்லும் ‘ஷ’, ‘ஜ’ வகை ஒலிகள் அங்கே நம் ழகரம் மாதிரி. ‘வாயப்பயம்’ என்று சொல்லும் நம் பிள்ளையிடம் நாமும் ‘வாயப்பயமா வேணும்?’ என்று கேட்டால் அதற்குக் கோபம் வரும். அதன் காதில் ழகரம் சரியாகவே இருக்கிறது, நாக்கில்தான் இல்லை. மழலை பேசும் சீனக் குழந்தையும் அப்படித்தான். எனவே ஒரு பிள்ளை பேசுவதை வைத்து அதற்கு எவ்வளவு புரிகிறது என்று எடைபோடாதீர்கள்.

மூன்று வயதில் வாக்கியங்களுக்குள்ளும் நன்றாக நுழைந்துவிடுகிறார்கள். வேலை முடிந்ததைக் காட்ட வினைக்குப் பின்னால் ‘லெ’ வரும், நடந்துகொண்டிருப்பதைக் காட்ட ‘ஜெ’ வரும். பாட்டி செடியை நட்டு முடித்த படம் ஒன்று, நட்டுக்கொண்டிருக்கும் படம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்துனூண்டு அசைதான், ஆனாலும் ‘லெ’ காதில் விழுந்ததும் மூன்று வயதுப் பிள்ளையின் கண்கூட முடித்த படத்துக்குத் தாவிவிடுகிறது. பெங் ஜோ, ஸ்டீஃபன் கிரைன் குழுவினர் 2014இல் இதைக் காட்டினார்கள். கேள்விகளிலும் பெரிய கஷ்டம் இல்லை. கடைசியில் ‘மா’ சேர்த்தால் கேள்வி, நாம் ‘வருவாயா’ என்று ஆகாரம் சேர்ப்பதுபோல. ‘என்ன’ என்ற சொல்லும் நம்மைப்போலவே இருந்த இடத்திலேயே இருக்கும், ஆங்கிலத்தில்போல முன்னால் ஓடாது.

சறுக்குவது வேறு இடத்தில். ‘பா’, ‘பெய்’ என்று இரண்டு சின்னச் சொற்கள் இருக்கின்றன. ‘கடல்நாய் பா அது தின்றது’ என்ற வரிசையில் சொன்னால் கடல்நாய் அதைத் தின்றது. ‘பா’ இருந்த இடத்தில் ‘பெய்’ வந்தால் தலைகீழ், கடல்நாயை அது தின்றுவிட்டது. யீ டிங் ஹுவாங், ஜெசி ஸ்னெடெகர் குழுவினர் 2013இல் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். முதலில் வந்த பெயர்ச்சொல்லைத்தான் செய்பவர் என்று குழந்தை உடனே முடிவு கட்டிவிடுகிறது. ‘பெய்’ வந்த பிறகு அந்த முடிவை மாற்றிக்கொள்ள முடியாமல் தவிக்கிறது. ‘அது’ முன்னாலும் கடல்நாய் பின்னாலும் வந்தால் அதே பிள்ளைகள் நன்றாகச் சமாளித்தார்கள், ஏனென்றால் ‘அது’ எது என்று இன்னும் முடிவாகாததால் மாற்றவேண்டியது ஒன்றும் இல்லை. ‘பெய்’ தெரியாமல் இல்லை, முதல் முடிவைக் கைவிடுவதுதான் கஷ்டம். எனக்கு இது மிக முக்கியமான கண்டுபிடிப்பாகப் படுகிறது, ஏனென்றால் ‘குழந்தைக்கு இலக்கணம் தெரியவில்லை’ என்று நாம் சொல்வதில் பாதி உண்மையில் இப்படி அவசர முடிவாகத்தான் இருக்கும். நம் பிள்ளைகளுக்கு ‘புலியை’ என்று பெயரோடு ஒட்டிக்கொண்டே ஐகாரம் வந்துவிடுவதால் அந்தத் தொல்லை குறைவு.

எண்ணும்போது பொருளுக்கேற்ற அளவுச்சொல் சேர்க்கவேண்டும் என்பதும் மெல்லத்தான் வரும். கீரைக்குக் கட்டு, வாழைப்பழத்துக்குச் சீப்பு, பூவுக்கு முழம் என்று நமக்குச் சிலவற்றுக்கு மட்டும் இருப்பது அவர்களுக்கு எல்லாப் பொருளுக்கும் உண்டு. தாள், மேசை போன்ற தட்டையானவற்றுக்கு ‘ஜாங்’, மீன், ஆறு, சாலை போன்ற நீண்டவற்றுக்கு ‘தியாவ்’, புத்தகத்துக்கு ‘பென்’. சின்னப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ‘கெ’ ஒன்றையே போட்டுப் பேசுவார்கள். பள்ளி வயது வரை இது சீர்படுவது தொடர்கிறது.

உறவுப்பெயர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, அதில் அவர்களும் நாமும் ஒரே ரகம். அப்பாவின் அண்ணன் ‘போபோ’, தம்பி ‘ஷூஷூ’, அப்பாவின் சகோதரி ‘கூகூ’, அம்மாவின் சகோதரன் ‘ஜியூஜியூ’. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா என்று அப்படியே பொருத்திவிடலாம். இரண்டு வயதுக் குழந்தைக்கு ‘ஷூஷூ’ என்பது ஒரு முகம். பேருந்து ஓட்டுநரையும் ‘ஷூஷூ’ என்றே கூப்பிடச் சொல்வதால் பிறகு அது எல்லா ஆண்களுக்கும் ஆகிறது. அப்பாவின் தம்பி என்ற உறவுக் கணக்காக அது புரிவதற்கு இன்னும் பல வருடங்கள் ஆகும். ‘மாமா’ விஷயத்தில் நம் பிள்ளைகளும் இதே வழியில்தான் போகிறார்கள்.

ஆறு வயதில் பள்ளி. சீனாவில் ரோமன் எழுத்தில் ஒலியை எழுதும் பின்யின் முறை 1958 முதல் இருக்கிறது. முதல் வகுப்பிலேயே அதைக் கற்றுக்கொடுக்கிறார்கள். தைவானில் அதற்குப் பதிலாக ஜூயின் குறியீடுகள், முதல் வகுப்பின் முதல் பத்து வாரம் அதற்கே. அதுவரை தொனியைச் சரியாகப் பயன்படுத்திவந்த பிள்ளை, தொனி என்று ஒன்று இருப்பதையே இப்போதுதான் அறிகிறது. நாம் புணர்ச்சி விதியைப் பள்ளியில் படித்தபோது ‘அட, இதைத்தானே பேசிக்கொண்டிருக்கிறோம்’ என்று தோன்றியதே, அந்த மாதிரி.

இந்த வயதிலிருந்து இன்னொரு பெரிய வேலை தொடங்குகிறது. தொனியை விட்டுவிட்டுப் பார்த்தால் மாண்டரினில் ஏறக்குறைய 400 அசைகள்தான், தொனியோடு சேர்த்தாலும் சுமார் 1,300. மொத்த மொழியும் இதற்குள் அடங்க வேண்டும். எனவே ஒரே ஒலி, ஒரே தொனி, பொருள் மட்டும் வேறு என்று சொற்கள் குவிந்து கிடக்கும். இறக்கத் தொனியில் ‘ஷி’ என்றால் ‘ஆகும்’, விஷயம், நகரம், அறை, முயன்றுபார் என்று எத்தனையோ. தொனி தெரிந்தால் மட்டும் போதாது, எந்த ‘ஷி’ என்று பக்கத்துச் சொல்லை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். இதில் பிள்ளைகளுக்குக் கைகொடுப்பது கூட்டுச்சொல். ரயில் என்பது ‘நெருப்பு-வண்டி’, கணினி ‘மின்-மூளை’, வரிக்குதிரை ‘வரி-குதிரை’, ஒட்டகச்சிவிங்கி ‘நீள்-கழுத்து-மான்’. முன்பின் கேட்டிராத சொல்லைக்கூட உடைத்துப் பார்த்து ஊகிக்கலாம். இந்த உடைக்கும் திறன் தொடக்கப்பள்ளி வயதில் நன்றாக வளர்கிறது. ‘அவள் வினிகர் குடிக்கிறாள்’ என்றால் பொறாமைப்படுகிறாள் என்று பிடித்துக்கொள்வதும், நாலெழுத்துப் பழமொழித் தொடர்கள் பேச்சில் வந்தால் தொடர்ந்து போவதும் அதற்கும் பிறகுதான்.

இதையெல்லாம் ஒரே மாதிரியான வீட்டை மனத்தில் வைத்துத்தான் சொன்னேன். சீனாவில் வீட்டில் மாண்டரின் பேசாதவர்களும் உண்டு. பொது மாண்டரின் புழங்குவோர் 80.72 சதவீதம் என்று 2020க்கான அரசுக் கணக்கு சொல்கிறது. தெற்கே குவாங்டோங் மாகாணத்தில் பாட்டியிடம் கான்டனீஸ் என்ற இன்னொரு சீன மொழியைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு மாண்டரின் மழலையர் பள்ளியில்தான் வலுப்படும், ஆனால் தொனி என்ற விஷயமே புதிதாக இருக்காது. தைவானில் பலரும் ‘ஸ’, ‘ஷ’ இரண்டையும் கலந்தே பேசுவதால் அங்கே பிள்ளைகள் கேட்பதே வேறு. காது கேளாமைக்காக உட்செவிக் கருவி பொருத்திய பிள்ளைகளின் நிலை தனி. அந்தக் கருவி குரலின் ஏற்ற இறக்கத்தைச் சரியாகக் கடத்துவதில்லை, அதனால் மற்றவர்களுக்கு முதலில் வரும் தொனிதான் அவர்களுக்குப் பெரும்பாடு. அவர்களுக்குக் கூடுதல் பயிற்சியும் பொறுமையும் தேவை.

இப்போது உங்கள் மகள். 2003இல் சியாட்டிலில் பட்ரீசியா குல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளை மாண்டரின் பேசுபவர்களோடு விளையாடவிட்டார்கள். தடவைக்கு 25 நிமிடம், மொத்தம் 12 தடவை, ஐந்தே மணி நேரம். ஆங்கிலத்தில் இல்லாத ஒரு மாண்டரின் ஒலி வேறுபாட்டை அவர்கள் தைவான் குழந்தைகளுக்கு ஈடாகப் பிரித்தார்கள். அதே ஆட்கள் அதே விஷயத்தைத் தொலைக்காட்சியில் பேசிக் காட்டியபோது எதுவுமே ஒட்டவில்லை. நாலு வயதுப் பிள்ளை காணொளியிலிருந்து கொஞ்சம் கற்கலாம். இருந்தாலும், முகம் பார்த்துப் பேசி, விளையாடி, பதிலுக்குக் காத்திருக்கும் ஆசிரியை இருக்கும் வகுப்பா என்பதைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும்.

வயது தாண்டிவிட்டதோ என்ற பயம் வேண்டாம். டச்சுக் குழந்தைகளுக்கு மங்கிய தொனிக் கூர்மை ஒன்றரை வயதை ஒட்டித் திரும்ப மேலெழுவதை 2014இல் லிக்வான் லியூவும் ரெனே காகரும் காட்டினார்கள். அதே வருடம் இன்னொன்றும் வந்தது. ஒரு வயதையொட்டிச் சீனாவிலிருந்து தத்தெடுக்கப்பட்டு மொன்ட்ரியாலில் பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த பிள்ளைகளை, 9 முதல் 17 வயதுக்குள் ஆய்வு செய்தார்கள். சீனத்தில் ஒரு சொல்கூட அவர்களுக்கு நினைவில்லை. ஆனாலும் தொனிகளைக் கேட்டபோது அவர்கள் மூளை சீனம் பேசுபவர்களின் மூளையைப்போலவே இயங்கியது. உங்கள் மகளுக்கு அந்த முதல் வருடம் கிடைக்கவில்லை. அதனால் சீனப் பிள்ளைக்குத் தானாக வந்தது இவளுக்குப் பழக்கத்தால் வரவேண்டும். நாலு வயது அதற்கு நல்ல வயது.

இரண்டு மூன்று மாதம் கழித்துப் புரிகிறதா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால், திரும்பச் சொல்லச் சொல்லாதீர்கள். சூப் கிண்ணம் ஒரு படம், மிட்டாய் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியையைக் கையசைக்காமல், கண்ணால் காட்டாமல் ‘தாங்’ என்று ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள். பிறகு மகளின் கண் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள்.